அணுவில் ஓடும் கார்: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃபோர்டு நிறுவனம் அணுசக்தி காரை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்ததா?

பதில்: இல்லை. 1958இல் அந்நிறுவனம் காட்டிய 'நியூக்ளியான்', எட்டில் மூன்று பங்கு அளவில் செய்த பொம்மை மாதிரிதான். பின்புறம் பொருத்தும் சிறிய அணு உலையின் வெப்பத்தில் நீராவி எழுப்பிச் சுழலியை (டர்பைன்) ஓட்டலாம், ஒருமுறை எரிபொருள் இட்டால் சுமார் 8,000 கிலோமீட்டர் போகலாம் என்று எண்ணினார்கள். ஆனால் பயணிகள் அமரும் பகுதியை முன்சக்கரங்களுக்கும் முன்னால் தள்ளி வரைந்திருந்தார்கள். வடிவமைத்தவர்களுக்கே உள்ளூர இருந்த அச்சம் அதில் தெரிகிறது.

கேள்வி: அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் உள்ள உலையைச் சிறிதாக்கிக் காரில் வைத்தால் என்ன?

பதில்: உலையைச் சிறிதாக்கலாம், அதன் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தைச் சிறிதாக்க முடியாது. உலையிலிருந்து வரும், எதையும் ஊடுருவும் காமாக் கதிரைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஈயம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க 20 சென்டிமீட்டர் வேண்டும். உலையின் திறனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் மிச்சமாவது மூன்று சென்டிமீட்டர்தான். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை உலையைச் சுற்றி 20 சென்டிமீட்டர் ஈயம் போர்த்தினால் ஈயம் மட்டுமே நாலரை டன்னைத் தாண்டிவிடும். உலையிலிருந்து சிதறும் நியூட்ரான் துகள்களைத் தடுக்கத் தண்ணீரோ பாரஃபின் மெழுகோ தனியாக வேண்டும். விபத்தில் உலை உடைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நான் இன்னும் வரவே இல்லை.

கேள்வி: அணு விமானம் பறந்ததாகப் படித்தேன். மெய்யா?

பதில்: பாதி மெய். அமெரிக்காவின் என்பி-36ஹெச் விமானம் 1955 முதல் 1957 வரை 47 முறை பறந்தது. உள்ளே ஒரு மெகாவாட் உலை இருந்தது. ஆனால் விமானத்தை இழுத்தவை வழக்கமான எஞ்சின்களே. கவசம் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதற்கே உலையைச் சுமந்தார்கள். விமானிகள் ஈயமும் ரப்பரும் போர்த்திய, பத்து டன்னுக்கும் மேற்பட்ட அறைக்குள் அமர்ந்திருந்தார்கள். 15 ஆண்டுகளில் சுமார் 100 கோடி டாலர் விழுங்கிய அணு விமானத் திட்டத்தை 1961இல் அதிபர் கென்னடி நிறுத்தினார்.

கேள்வி: கப்பல்களுக்கு மட்டும் எப்படிக் கைகூடியது?

பதில்: எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் செலவு கட்டுப்படியாக வேண்டும். எரிபொருள் நிரப்ப இடமில்லாத ஆர்க்டிக் கடலில் 1959இல் பணியேறிய சோவியத் பனியுடைப்புக் கப்பல் 'லெனின்' 30 ஆண்டு உழைத்தது; அமெரிக்கச் சரக்குக் கப்பல் 'சவன்னா' பத்தாண்டிலேயே ஓய்ந்தது. ஜப்பானின் 'முட்சு' 1974இல் முதல் ஓட்டத்திலேயே கதிர்வீச்சைக் கசியவிட்டபோது, மாலுமிகள் நியூட்ரான்களை உறிஞ்சும் போரான் கலந்த சோற்றை வைத்து அடைக்கப் பார்த்தார்கள். மீனவர்களோ ஒரு மாதத்துக்கும் மேலாகக் கப்பலைத் துறைமுகத்துக்குள் விடவில்லை.