டோர் பிரவுசருக்கு ஆள் எடுக்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தனியுரிமையை முதன்மையாகக் கொண்ட உலாவிகளில் வேலை எப்படி என்று இந்த மாதம் பலர் கேட்டிருக்கிறார்கள். வேலை தேடுகிறவர்கள், ஆள் தேடுகிறவர்கள், கவலைப்படும் ஒரு தகப்பனார் என்று எல்லாரும் இருக்கிறார்கள். நான் நீண்ட காலமாகக் கவனித்துவரும் டோர் பிரவுசரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். டோர் வலையமைப்பு என்ற பல கணினிகளின் தொடர் வழியாகச் சுற்றி அனுப்பி, இணையத்தில் உலாவுகிறவர் யார், எங்கிருக்கிறார் என்பதை மறைக்கும் உலாவி அது.

புதிதாக ஓர் உலாவியை உருவாக்கும் வேலை என்று நினைத்து விண்ணப்பிக்க இருக்கிறேன். என் எண்ணம் சரியா? (கல்லூரி மாணவி, கோவை)

இல்லை. டோர் பிரவுசர், ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் நிரல் கோடி வரிகளைத் தாண்டும். அதன்மேல் டோர் குழு தன் திருத்தங்களை வைக்கிறது. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படைப் பதிப்பு மாறும்போது, அத்தனை திருத்தங்களையும் பெயர்த்தெடுத்துப் புதிய நிரலில் பொருத்த வேண்டும். அடுத்தவர் வீட்டு மாடியில் குடியிருப்பதைப் போன்றது இது. வீட்டுக்காரர் ஒரு சுவரை நகர்த்தினால் நம் அலமாரி சரிந்துவிடும்.

அதோடு முடிவதில்லை. அந்த ஓராண்டில் ஃபயர்பாக்ஸில் சேர்ந்த ஒவ்வொரு புது வசதியையும் துருவிப் பார்க்க வேண்டும். டோர் வலையமைப்பைச் சுற்றிக்கொண்டு ஏதாவது ஒரு கோரிக்கை நேராக வெளியே போகிறதா? வட்டில் ஏதாவது எழுதிவைக்கிறதா? சலிப்பூட்டும் வேலைதான். இன்னொன்று, 2016இல் தொடங்கிய கூட்டு முயற்சியால் டோர் குழுவின் திருத்தங்கள் பல ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. ஆகவே வேறொரு நிறுவனத்தின் பொறியாளர் நம் திருத்தத்தை ஏற்கும்வரை பொறுமையாக வாதாடவும் தெரிந்திருக்க வேண்டும்.

தனியுரிமை உலாவி ஒன்றைத் தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். நேர்காணலில் என்ன கேட்டால் சரியான ஆள் கிடைப்பார்?

வரிசைப்படுத்தல் புதிர்களை விட்டுவிடுங்கள். நான் கேட்கும் கேள்வி இது: "ஒருவர் கணினியில் பாமினி எழுத்துரு இருக்கிறது. இது இணையதளத்துக்குத் தெரிந்தால் என்ன?"

தளம் செய்வது எளிய வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சொல்லைப் பாமினியில் காட்டச் சொல்லும், பிறகு அதன் அகலத்தை அளக்கும். அகலம் வழக்கமான எழுத்துருவின் அகலத்திலிருந்து மாறினால் பாமினி இருக்கிறது என்று பொருள். பெயர், ஊர் எதுவும் கேட்காமலே "இவர் அநேகமாகத் தமிழர்" என்று முடிவு கட்டிவிடலாம். இதனுடன் திரை அளவு, நேர மண்டலம் போன்ற நாலைந்து விவரங்கள் சேர்ந்தால் அது உலாவிக் கைரேகை. அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளில் 83.6 சதவீதம் ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல் தனித்து நின்றன. குக்கீயை அழித்து என்ன பயன்?

"எழுத்துருக்களை மொத்தமாகத் தடுத்துவிடலாம்" என்பது பலர் சட்டென்று சொல்லும் பதில். தடுத்தால் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரியுமே என்று அடுத்துக் கேளுங்கள். "ஒவ்வொரு முறையும் அளவைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக் குழப்பலாம்" என்று சிலர் சொல்வார்கள். இது மோசமான பதில் இல்லை. பிரேவ் உலாவி சில இடங்களில் இத்தகைய வழியில்தான் போகிறது. டோர் பிரவுசரின் வழி வேறு. தன்னுடனேயே எழுத்துருக்களை எடுத்துவந்து, கணினியில் மேலதிகமாக இருப்பவற்றைத் தளங்களின் கண்ணில் படாமல் மறைக்கிறது. அப்படி வருபவற்றில் நோட்டோ என்ற எழுத்துருத் தொகுப்பின் தமிழ் எழுத்துருவும் உண்டு. இந்த இடத்துக்குத் தானாகவே வந்து, "அப்படியானால் யாராவது வித்தியாசமாகத் தெரிவார்களா?" என்று திருப்பிக் கேட்கிறவரை விடாதீர்கள். சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

நேரம் இருந்தால் மின்கல அளவைப் பற்றியும் கேட்கலாம். மடிக்கணினியில் எத்தனை சதவீதம் மின்சாரம் மீதி இருக்கிறது என்று தளங்களுக்குச் சொல்லும் வசதி ஒரு காலத்தில் ஃபயர்பாக்ஸில் இருந்தது. ஆளைப் பின்தொடர அது உதவும் என்பதால் 2017இல் எடுத்துவிட்டார்கள். இருக்கிற வசதியை எடுத்துவிடலாம் என்று சொல்லத் துணிகிறவர் அபூர்வம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஜாவாவில் வேலை செய்கிறேன். சி பிளஸ் பிளஸ் தெரியாது. வாய்ப்பு உண்டா?

உண்டு. ஆண்ட்ராய்டு பதிப்பு 2019 முதல் நிலையான வெளியீடாக இருக்கிறது. அதன் முகப்புப் பகுதியில் கோட்லின் என்ற நிரல் மொழிதான் அதிகம். ஜாவாக்காரருக்கு அது பக்கத்துத் தெரு. உலாவியின் மற்ற முகப்புகளில் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்.

ஐயா, என் மகள் டோர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அது குற்றவாளிகள் பயன்படுத்துவது என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

குற்றவாளிகளும் பயன்படுத்துகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் இதன் வேர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் நடந்த ஆராய்ச்சி. 2006 முதல் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று இதை நடத்துகிறது, வரவு செலவைப் பொதுவில் வெளியிடுகிறது. தன் தளம் தடை செய்யப்பட்ட நாடுகளிலும் செய்தி சேர வேண்டும் என்று பிபிசி 2019இல் டோர் வழியாகவே ஒரு தளம் திறந்தது. உங்கள் மகள் எழுதப்போகும் நிரலும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடியது.

நீங்கள் கவலைப்பட வேறொரு விஷயம் இருக்கிறது. இத்தகைய நிறுவனங்கள் மானியங்களையும் நன்கொடைகளையும் நம்பி நிற்பவை. கொரோனா தொடங்கிய 2020 ஏப்ரலில் டோர் நிறுவனம் 13 பேரை வேலையிலிருந்து விடுவிக்க நேர்ந்தது. வீட்டுக் கடன் வாங்குவதற்கு முன் இதை மகளிடம் சொல்லிவையுங்கள்.

வேலைக்கு எடுத்தவரே உலாவியில் உளவு நிரலை நுழைத்துவிட்டால்?

நல்ல கேள்வி. இந்தக் கவலை 2013இல் டோர் குழுவுக்கே இருந்தது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாம் தரவிறக்குவது மூல நிரலை இல்லை, அதை இயங்கும் வடிவத்துக்கு மாற்றி ஒருவர் கணினியில் தொகுத்த கோப்பை. அந்த ஒருவரை மிரட்டினாலோ அவர் கணினிக்குள் யாராவது புகுந்தாலோ என்ன செய்வது?

விடை: வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கணினிகளில் தனித்தனியாகத் தொகுத்தாலும், கிடைக்கும் கோப்பு ஒரு பைட்கூட மாறக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தொகுத்த நேரம் கோப்புக்குள் பதிவாகியிருக்கும். கோப்புகளை அடுக்கும் வரிசை கணினிக்குக் கணினி மாறும். "ஹோம்" அடைவின் கீழ் உங்கள் பயனர் பெயர் எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அகற்றினால்தான் இரண்டு பேரின் கோப்புகளும் ஒத்துப்போகும். இப்படிச் செய்துவைத்தால், ஆள் எடுக்கும்போது ஒருவரின் நேர்மை மீது மொத்தப் பாரத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. விண்ணப்பதாரர் இந்த ஏற்பாட்டை அவநம்பிக்கையாக எடுத்துக்கொண்டு முகம் சுளித்தால், நான் அவரைப் பற்றி இரண்டு முறை யோசிப்பேன்.

விடுமுறை நாட்களிலும் அழைப்பார்களா?

சில சமயம். 2019 மே 4, சனிக்கிழமை. மொசில்லாவின் ஒரு மின்னணுச் சான்றிதழ் காலாவதியானதால் ஃபயர்பாக்ஸின் நீட்சிகள் (உலாவியில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) உலகெங்கும் செயலிழந்தன. தளங்கள் அனுப்பும் சிறு நிரல்களை, அதாவது ஸ்கிரிப்டுகளை, தடுப்பதற்காக டோர் பிரவுசருக்குள் இருந்த நோஸ்கிரிப்ட் என்ற நீட்சியும் அதோடு படுத்தது. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் எந்தத் தடையும் இல்லாமல் ஸ்கிரிப்டுகள் ஓடின. தற்காலிக வழி ஒன்றை உடனே அறிவித்தார்கள், சில நாட்களில் புதிய பதிப்பு வந்தது. வீட்டுக்காரர் சுவரை நகர்த்தும் கதையை மேலே சொன்னேனே, இது அதுதான்.

புனைபெயரில் வேலை செய்யலாமா?

தன்னார்வலராகத் தாராளமாகச் செய்யலாம், பலர் செய்கிறார்கள். சம்பளம் என்று வந்தால் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வருமான வரி எல்லாவற்றுக்கும் உண்மைப் பெயர் வேண்டும்.

"அன்றாடம் எந்த உலாவி பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் குரோம் என்று சொல்லலாமா?

உண்மை அதுதான் என்றால் சொல்லுங்கள். டோர் பிரவுசரை ஏன் தொடரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் நேர்காணல் எடுத்த ஓர் இளைஞர், "ஜன்னலைப் பெரிதாக்கினேன், ஓரங்களில் சாம்பல் பட்டை வந்தது, கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டேன்" என்றார். பக்கத்தின் அளவை 200க்கு 100 பிக்சல் என்ற மடங்குகளில் நிறுத்தி, திரையின் உண்மையான அளவை மறைப்பதற்காக வேண்டுமென்றே வைத்த பட்டை அது. அதைச் சொன்னதும், "அப்படியானால் பட்டையிலேயே அதை எழுதிவைக்கலாமே?" என்று கேட்டார். எழுதலாமா கூடாதா, எந்த மொழியில் எழுதுவது, எழுதினால் தளத்துக்குத் தெரியுமா என்று பேசியதில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. தயாரித்து வைத்திருந்த மற்ற கேள்விகளை நான் கேட்கவே இல்லை.