தெருவுக்குத் தெரு ஐக்கியக் கூட்டம் எதற்கு? பிரெஸ்பிட்டேரியன் சபை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஞாயிறு ஆராதனை இருக்கும்போது வீட்டுக் கூட்டம் வேறு எதற்கு?

பதில்: ஆயிரம் பேர் உட்காரும் ஆலயத்தில் நீங்கள் ஒரு மாதம் வராவிட்டாலும் போதகருக்குத் தெரிய வழியில்லை. எட்டுப் பத்துக் குடும்பங்கள் கூடும் இடத்தில் முதல் வாரமே ‘அந்த வீட்டு அம்மாவை ஏன் காணோம்?’ என்று கேட்டுவிடுவார்கள். கொரியாவின் பிரெஸ்பிட்டேரியன் சபைகள், அதாவது சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் போதகரோடு சேர்ந்து நிர்வகிக்கும் புராட்டஸ்டண்ட் சபைகள், இதை நன்றாக அறிந்தவை. சபையாரைக் குடியிருப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ‘குயோக்’ என்கிறார்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, வீடு மாற்றி வீடு கூடுவார்கள். பாட்டு, ஜெபம், வேதபாடம், காணிக்கை. யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று என்ற செய்தியெல்லாம் அங்கிருந்துதான் போதகருக்குப் போகும். அவர் வீடு சந்திக்க வரும்போது குழுத் தலைவிதான் வழிகாட்டி.

கேள்வி: எங்கள் மூப்பர் ஒருவர், இது பிரெஸ்பிட்டேரியன் மரபே அல்ல என்கிறாரே?

பதில்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1647இல் ஸ்காட்லாந்து சபையின் பொதுப் பேரவை ஏற்ற குடும்ப ஆராதனை விதிமுறை, சமாதான காலத்தில் பல குடும்பத்தார் சேர்ந்து கூடுவதைக் கண்டித்தது. குடும்ப ஜெபம் கெடும், போதக ஊழியத்துக்குக் குந்தகம், நாளடைவில் சபையே உடையும் என்ற அச்சம். அதை வீண் பயம் என்று தள்ள மாட்டேன். வீட்டுக் கூட்டமாகத் தொடங்கித் தனிச் சபையாய் முடிந்தவை எந்த நாட்டில் இல்லை? அதனால்தான் வீட்டுக் கூட்டம், சபையின் மூப்பர் குழுவுடைய மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் மறுபாதியையும் அவரிடம் சொல்லுங்கள். அதே ஸ்காட்லாந்தில் 1690இல் உடன்படிக்கையாளரில் (சபைக் காரியத்தில் அரசர் தலையிடுவதை எதிர்த்து உடன்படிக்கை செய்துகொண்ட பிரெஸ்பிட்டேரியன்களில்) ஒரு சாரார் தேசிய சபையில் சேர மறுத்தார்கள். அவர்களுடைய மூன்று போதகர்களோ அதில் சேர்ந்துவிட்டார்கள்! 1706இல் ஜான் மக்மில்லன் என்ற போதகர் வரும்வரை 16 ஆண்டுகள் மேய்ப்பரே இல்லை. அந்தந்த வட்டாரத்து ஜெபக் குழுக்கள்தான் அந்த மக்களைச் சிதறாமல் காத்தன.

கேள்வி: பெண்கள் நடத்தலாமா?

பதில்: கொரியாவில் பெரும்பாலும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். அங்குள்ள பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபை அமைப்புகளில் ஒன்றான தொங்ஹாப், மூப்பர், போதகர் பொறுப்புகளைப் பெண்களுக்குத் திறந்தது 1990களின் நடுவில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே வீடு வீடாகப் படியேறி இறங்கி விசாரித்தவர்கள் அவர்கள்.

கேள்வி: வீட்டுக் கூட்டத்திலேயே திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அது போதகரும் மூப்பர் குழுவும் பொறுப்பேற்று நடத்த வேண்டியது.

கேள்வி: சியோலில் படிக்கிறேன். குயோக்கிற்கு அழைக்கிறார்கள். கொரிய மொழி அரைகுறை. போகட்டுமா?

பதில்: தாராளமாகப் போங்கள். வேதபாடம் பாதிதான் புரியும். பிறகு பழம் நறுக்கி நடுவில் வைத்துப் பேசும் அரைமணி நேரத்தில் மீதியைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் அறையில் கூடும் முறை வந்தால் விருந்து சமைக்காதீர்கள். வாரத்துக்கு வாரம் பலகாரம் ஏறிக்கொண்டே போனால் வசதியில்லாதவர் தம் முறை வரும்போது ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார். நீங்கள் தேநீரும் பழமும் மட்டும் வைத்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரருக்குப் பெரிய நிம்மதி.