பழைய டிராக்டரைச் சரிசெய்து விற்றால் பக்க வருமானம் கிடைக்குமா?

கிடைக்கும், பார்த்து வாங்கினால். முதலில் எடுக்க வேண்டியது டீசல் கோளாறாலோ கரண்ட் கோளாறாலோ நின்றுபோன வண்டி. இன்ஜினோ கியர்பாக்ஸோ போன வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்; பிரித்த பிறகுதான் முழுச் செலவும் தெரியும்.

ஓடுகிற வண்டி என்றால், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) குறைந்த இன்ஜின் சூடாக இருந்தால் நல்லபடியாகவே கிளம்பும், ஆறிய நிலையில்தான் திணறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். புகை விட்டுவிட்டுத் தள்ளினால் பிஸ்டன் ரிங், அது உரசும் சிலிண்டர் லைனர் தேய்ந்திருக்கும். கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். உடனே இறங்கினால் ஹைட்ராலிக் சீலோ வால்வோ கசிகிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரை நம்பாதீர்கள், பெடல் தேய்மானத்தைப் பாருங்கள்.

நின்றுபோன வண்டிக்கு டேங்கை வடித்து, அடியில் தங்கிய தண்ணீரையும் கசடையும் எடுத்து, டீசல் பில்டர்களை மாற்றி ஏர் எடுக்க, அதாவது டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் பில்டர் ஸ்க்ரூ, அடுத்து பம்ப் ஸ்க்ரூ, கடைசியில் நாசிலுக்கு (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) போகும் பைப் நட்டை லேசாகத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அங்கே கையை வைக்காதீர்கள், அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். பம்ப் போய்விட்டது என்று ஒதுக்கிய வண்டிகள் சில இதிலேயே ஓடிவிடும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், பேட்டரி வாங்கும் முன் எர்த் கேபிளின் இரு முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

கிளட்ச் வேலைக்கு வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன் ஆக்சில் நடுவில் ஒரு இரும்பு முளையில் மாட்டி இருபுறமும் ஆடுகிற அமைப்பு. இருபுறமும் கட்டை ஆப்பு வைக்காமல் பிரித்தால் இன்ஜின் பக்கவாட்டில் சாயும். கிளட்ச் பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்புற ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அந்தச் சீல் கசிந்து புதுப் பிளேட்டில் ஆயில் பட்டால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

பெயின்ட் கடைசி வேலை. ஆயில் கசிவை நிறுத்தாமல் அடித்தால் உரிந்துவரும், வாங்குபவருக்கும் சந்தேகம் வரும்.

விலை பேசும்போது, விற்கக்கூடிய விலையிலிருந்து டயர், பாகங்கள், கூலி, ஏற்றிவரும் செலவு, உங்கள் லாபம் எல்லாம் கழித்து மிஞ்சுவதைத் தாண்டாதீர்கள். பின் டயர் ஜோடியை மாற்றுவதாக இருந்தால் லாபம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா, வண்டி மேல் கடன் நிற்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.