பூர்வீக வீட்டுத் தோட்டத்தில் புல்லே இல்லாமல் காட்டுப்பூக்களை மட்டும் வளர்க்க முடியுமா?

கேள்வி இதுதான்: காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீடு. மூன்றாம் கட்டுக்குப் பின்னால் தோட்டம் என்ற பெயரில் வெறும் செம்மண். லண்டனில் பார்த்ததுபோல் புல் கலக்காமல் பூவாகவே கிடக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் காட்டுப்பூ விதைக் கலவையை வாங்கித் தூவினால் போதுமா?

போதாது. அந்தப் பாக்கெட்டே வேண்டாம். அதில் பாப்பி, கார்ன்ஃப்ளவர் மாதிரி குளிர்நாட்டுச் செடிகள்தான் அதிகம். மார்கழிப் பனியில் நாலு பூ காட்டினாலும் பங்குனி வெயிலில் நிற்காது.

இந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் தோட்டங்களைப் பராமரிப்பது என் தொழில். பூவை வளர்ப்பது இதில் சின்ன வேலை. புல்லை மண்ணிலிருந்து காலி செய்வதும், திரும்பி வராமல் பார்ப்பதும்தான் பெரிய வேலை. இங்கிலாந்தில் வழக்கமாக விற்கும் கலவையில் எடைக்கு 80 சதவீதம் புல் விதை, 20 சதவீதம்தான் பூ விதை. அது ஏமாற்று வேலை இல்லை. புல் விலை குறைவு, மண்ணைப் பிடித்துக்கொள்ளும், செடிகளுக்கு நடுவே காலி இடம் விடாது. புல் வேண்டாம் என்றால் அந்தக் காலி இடத்துக்கு வேறொன்று வரத்தான் செய்யும். நம் ஊரில் அது பெரும்பாலும் பார்த்தீனியம் என்ற களை.

நமக்கு எதிரிகள் இரண்டு பேர், அருகம்புல்லும் கோரையும். இரண்டையும் புல் என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் வைத்தியம் வேறு வேறு. உளுந்துக்கும் கடலைக்கும் அடிக்கிற குயிசலோஃபாப் எத்தில் மருந்து அருகைக் கொல்லும், அகன்ற இலைச் செடியைத் தொடாது. அதுவும் அருகு ஈரத்தில் தளிர்விட்டு நிற்கும்போது அடித்தால்தான் கேட்கும். காய்ந்து கிடக்கும்போது அடித்தால் மருந்துக் காசு வீண். கோரை புல் குடும்பமே இல்லை என்பதால் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. மண்ணுக்குள் நூல் நூலாக ஓடி, கிழங்குக்குக் கிழங்கு தொடுத்துக்கொண்டே போகும். மேலே பிடித்து இழுத்தால் தாள்தான் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும் கோரை உள்ள இடத்துக்கும் நான் சொல்வது நிழல். இரண்டுமே வெயில் விரும்பிகள். கொள்ளையோ தட்டைப்பயற்றையோ நெருக்கமாக விதைத்து மூடுங்கள். அது படர்ந்ததும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுங்கள், மடக்கி உழாதீர்கள். இடையில் தலைகாட்டும் கோரையை நாலைந்து இலை விடுவதற்குள் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். ஒரு வருஷத்தில் முடிகிற வேலை இல்லை.

சித்திரை, வைகாசியில் செய்ய இன்னொன்று இருக்கிறது. இடத்தைக் கொத்திச் சமப்படுத்தி, நன்றாகத் தண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரி நிறமற்ற பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து, நாலிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். நம் வெயிலுக்கு மேல் மண்ணில் கிடக்கும் களை விதைகளில் பெரும்பகுதி வெந்துபோகும். கறுப்பு விரிப்பை விட நிறமற்றதில் சூடு அதிகம் ஏறும். ஆழத்தில் இருக்கும் கோரைக் கிழங்குக்கு இது போதாது. அதனால்தான் முதலில் கோரை, பிறகு விரிப்பு என்ற வரிசை.

அடுத்து சொல்வதைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெரியவர்களே சிரிக்கிறார்கள்: எரு போடாதீர்கள். சத்து கூடினால் முதலில் கொழுப்பது புல்தான். தும்பைக்கும் கொழுஞ்சிக்கும் ஏழை மண்ணே போதும். தவிர, மாடு தின்ற புல்லின் விதை சாணத்தோடு வந்துவிடும். கண்மாயில் அள்ளும் கரம்பை மண்ணும் வேண்டாம், கோரைக் கிழங்கை நாமே லாரியில் ஏற்றி வந்து இறக்கியதாகிவிடும்.

2012 லண்டன் ஒலிம்பிக் பூங்காவின் பூவெளிகளைத் திட்டமிட்டவர்கள் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் நைஜல் டன்னெட், ஜேம்ஸ் ஹிச்மோ. இந்த ஹிச்மோ பழைய மண்ணின் மேல் சுமார் 75 மில்லிமீட்டர் மணல் பரப்பி அதில் விதைக்கும் முறையை நிறையப் பயன்படுத்துபவர். கீழே கிடக்கும் களை விதைக்கு வெளிச்சம் எட்டாது, விதைத்த விதை மட்டும் மேலே முளைக்கும். ஆற்று மணல் விற்கிற விலையில் நமக்கு அது கட்டாது. ஆனால் இந்தப் பக்கம் கிராவலுக்குப் பஞ்சமில்லையே. ஆழத்திலிருந்து வெட்டிய செம்மண் கிராவலை 3 அங்குலம் பரப்பினால் அதே வேலை நடக்கும். மேல்மண் கலந்த லோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இங்கிலாந்துப் புல்வெளிகளில் புல்லை அடக்க யெல்லோ ராட்டில் என்ற ஒட்டுண்ணிப் பூச்செடியை விதைப்பார்கள். அது புல்லின் வேரில் ஒட்டி உறிஞ்சும். நம் ஊரில் சோளத்தையும் கரும்பையும் பிடிக்கும் சுடுமல்லி அதற்குத் தூரத்துச் சொந்தம். இதைப் படித்துவிட்டு யாரும் சுடுமல்லி விதையைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள், பக்கத்து வயல்காரர் சும்மா விடமாட்டார்.

என்ன விதைக்கலாம்? முன்வரிசையில் விஷ்ணுகிரந்தியும் ஓரிதழ்தாமரையும். விஷ்ணுகிரந்தியின் நீலத்தைப் பார்க்கக் காலையில் போக வேண்டும், மத்தியானத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். நடுவில் தும்பை, சிறுபீளை, மஞ்சள் பூ நாய்வேளை, கொழுஞ்சி, கிலுகிலுப்பை. பின்னால் மதிலை ஒட்டி ஆவாரையும் துத்தியும், ஓரத்தில் ஓர் எருக்கும். எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். நித்யகல்யாணி மடகாஸ்கர்க்காரி, காட்டுப்பூ என்று சொல்ல முடியாது. ஆனால் வேலி இல்லாத பக்கத்தில் வைத்தால் ஆடு வாய் வைக்காது.

ஆவாரை, கொழுஞ்சி விதைகளுக்குத் தோல் கெட்டி. சொரசொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்த்து, இரவு ஊற வைத்து விதையுங்கள். எல்லா விதையையும் மணலில் கலந்து புரட்டாசிக் கடைசியில் தூவினால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். ஆடியில் விதைத்தால் ஒரு தூறலில் முளைத்து அடுத்த வெயிலில் கருகும்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை பூ இருக்கும். பங்குனியில் விதை உதிர்ந்ததும் ஆவாரை, துத்தி, எருக்கை விட்டுவிட்டு மற்றதை அறுத்து, அறுத்ததை வெளியே கொண்டுபோய்விடுங்கள். அங்கேயே மக்கவிட்டால் அதுவும் எருதான். அதன் பிறகு மழை வரும்வரை அந்த இடம் மொட்டையாகத்தான் கிடக்கும். புல் இல்லாத பூப்பரப்புக்கு இது விலை. ஒத்துவராது என்றால் புல்லோடு சேர்த்தே வளர்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. புல்லையே தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன.

அப்புறம் பங்காளிகள். படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, வந்து இறங்கியதும் "என்னப்பா, கொல்லையெல்லாம் காடு மண்டிக் கிடக்கு, பாம்பு வராதா?" என்பார்கள். பயம் நியாயமானது, அடர்த்தி இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடிக்கு எதுவும் விதைக்காமல் கூட்டிப் பெருக்கிய தரையாக விடுங்கள். கிணற்றுக்கும் பின்வாசலுக்கும் போகிற பாதைக்கு இரண்டு பக்கமும் செங்கல் பதியுங்கள். ஓரம் நேராக இருந்தால் உள்ளே இருப்பது வேண்டுமென்றே வளர்த்தது என்று தெரியும், பேச்சு பாதி குறையும்.

விதைக்குக் கடை தேட வேண்டாம். மாசி, பங்குனியில் ஊருணிக் கரையிலும் தரிசிலும் தும்பையும் கொழுஞ்சியும் காய்ந்து நிற்கும். ஒரே இடத்தில் மொட்டையடிக்காமல் அங்கங்கே கொஞ்சமாகப் பறியுங்கள். கோயில் காட்டில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் பார்த்தீனியம் நின்றால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள், பொடி விதை துணிப்பையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.