அந்தக் கல்லறை அல்மேரியாவில் இல்லை

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' என்ற கௌபாய் படத்தின் கிளைமாக்ஸ் கல்லறையைப் பார்க்க, தெற்கு ஸ்பெயினின் அல்மேரியாவில் அறை போட்டுவிட்டேன், மேப்பில் இடம் சிக்கவில்லை என்கிறீர்கள். சிக்காது நண்பரே. அது ஸ்பெயினின் வடக்கே, புர்கோஸ் மாகாணத்தில், சாந்தோ தொமிங்கோ தே சிலோஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1966-இல் வந்த படத்துக்காக ஸ்பானிய ராணுவ வீரர்களே ஆயிரக்கணக்கில் பொய்க் கல்லறைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் புல் மண்டி, கிளைமாக்ஸில் மூன்று துப்பாக்கிக்காரர்களும் எதிரெதிரே நிற்கும் வட்டக் கல்தளம் மண்ணுக்குள் போய்விட்டது. 2015-இல் ரசிகர்கள் மண்வெட்டியோடு இறங்கி, அதைச் சுரண்டி எடுத்து, சிலுவைகளையும் திரும்ப நட்டார்கள். சம்பளமில்லாத வேலை, பைத்தியக்காரத்தனம்தான்!

அல்மேரியா அறையை ரத்து செய்ய வேண்டாம். பக்கத்துத் தபெர்னாஸ் பாலைவனத்திலும் இதே படத்தை எடுத்திருக்கிறார்கள். புர்கோஸுக்குத் தனியாக நாள் ஒதுக்கி, வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.