இருபது பேரில் அக்கா இல்லை

கேள்வி: வருகிற ஓகஸ்டில் அம்மாவுக்கு 80 வயது. நாங்கள் ஐந்து சகோதரங்கள். தம்பியின் கலியாணத்துக்குப் பிறகு, 14 வருடமாக ஐந்து பேரும் ஓரிடத்தில் சேரவில்லை. அதனால் திருகோணமலையில், நிலாவெளிக் கடற்கரையில் நாலு இரவு எல்லாரும் ஒன்றாகத் தங்குவதற்கு நான் ஒழுங்கு செய்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் பெரியண்ணா கடலோர ஹோட்டல்தான் வேண்டும் என்கிறார். சூரிச்சில் இருக்கும் சின்னண்ணா அது வீண் செலவு, உப்புவெளியில் வீடு வாடகைக்கு எடுப்போம் என்கிறார். கொழும்பில் இருக்கும் தம்பி செலவைச் சமமாகப் பிரிக்க ஏலாது என்கிறான். வட்ஸ்அப் குழுவில் அண்ணாக்கள் இரண்டு பேரும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா, பெரியண்ணா குடும்பம் ஐந்து, சின்னண்ணா குடும்பம் நாலு, நாங்கள் நாலு, தம்பி குடும்பம் நாலு, யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவும் மாமியும், ஆக 20 பேர், எட்டு அறை. அம்மா நடக்க ஒருவர் கைபிடிக்க வேண்டும், மற்றபடி சுகம். சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, அம்மா இருக்கும் உவர்மலை வீட்டிலிருந்து அக்கா சமைத்து அனுப்புவா, அவவுக்கு இப்படியான இடங்களில் விருப்பமும் இல்லை. புறாமலைத் தீவு, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் எல்லாம் போக இருக்கிறோம். அண்ணாக்களை எப்படிச் சமாதானப்படுத்துவது? ஹோட்டலா, வீடா?
பெயர் வேண்டாம், லண்டன்

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து நீங்கள் எழுதிய கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்று, ஐந்து, நாலு, நாலு, நாலு, இரண்டு. 20 சரியாக வருகிறது. ஆனால் "நாங்கள் ஐந்து சகோதரங்கள்" என்று கடிதத்தைத் தொடங்கியவர் நீங்கள்தான். அந்த 20 பேருக்குள் சகோதரங்கள் நாலு பேர்தான் இருக்கிறீர்கள். மருமக்களுக்கு இடம் இருக்கிறது, மாமிக்கு இடம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கட்டில் இருக்கிறது. உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு எட்டு அறையில் ஓர் அறை இல்லை. அவர் உங்கள் கடிதத்தில் வருவது ஒரே ஒரு இடத்தில், அதுவும் சாப்பாட்டுக் கணக்கில்.

அண்ணாக்களின் சண்டை பெரிய விஷயமே இல்லை. வெளிநாட்டிலிருந்து எல்லாரும் வந்து சேருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் இந்த ஹோட்டலா வீடா சண்டை நடக்கிறது, இதைப் பற்றி எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம், பயணம் தொடங்கும் முன்பே அது தானாக ஓய்ந்துவிடும். ஓயாதது மற்றது. ஆகவே அதைத்தான் முதலில் கதைக்கப் போகிறேன்.

"அக்கா சமைத்து அனுப்புவா" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? 20 பேரின் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று கிலோ அரிசியாவது போட வேண்டும். தேங்காய் ஐந்தாறு திருவ வேண்டும், திருவலையில் குந்தியிருந்து, அந்த வயதில். முதற்பால் வேறு இரண்டாம் பால் வேறாகப் பிழிய வேண்டும். விடியற்காலையில் மீன் வாங்கி, செதில் உரித்து, துண்டு போட்டுக் கழுவ வேண்டும். ஒரு குழம்பு, ஒரு பால்கறி, ஒரு சொதி, பொரியல், சம்பல், உங்கள் பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் தனியாக ஒரு சட்டி, வெள்ளிக்கிழமை வந்தால் மாமிக்கு மரக்கறி. பிறகு எல்லாவற்றையும் மூடிக் கட்டி, கறி சிந்தாமல் ஆட்டோவில் வைத்து, உப்புவெளி தாண்டி, அலஸ்தோட்டம் தாண்டி, சாம்பல்தீவு தாண்டிப் பதினைந்து பதினாறு கிலோமீற்றர் அனுப்ப வேண்டும். நீங்கள் கடலில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து சாப்பிடும்போது அவர் உவர்மலையில் சட்டி பானை கழுவிக்கொண்டிருப்பார். அடுத்த நாளும் இதே. நாலு நாளும் இதே. இதற்கு ஒன்றுகூடல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. இதைத்தான் நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அம்மா நடக்க ஒருவர் கைபிடிக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, அந்த நாலு இரவும் நிலாவெளியில் அந்தக் கையைப் பிடிக்கப் போவது யார்? உவர்மலையில் சமைத்துக்கொண்டிருக்கிறவர் நிலாவெளியில் நடுச்சாமம் எழும்பி அம்மாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போக முடியாது. அம்மா இரவில் எத்தனை தரம் எழும்புவார், எந்தப் பக்கம் சரிந்து படுப்பார், எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின், தண்ணீரை டம்ளரில் கொடுத்தால் புரைக்கேறுமா, கரண்டியால் கொடுக்க வேண்டுமா? உங்களில் நாலு பேருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அறைக் கணக்குப் போடும்போதே அக்காவின் பெயரைத்தான் அம்மாவுக்குப் பக்கத்தில் முதலில் எழுதியிருப்பீர்கள்.

"அவவுக்கு விருப்பமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டீர்களா? ஒழுங்காக, பெயர் சொல்லி, "அக்கா நீங்களும் வாங்கோ, உங்களுக்கு ஒரு அறை போட்டிருக்கிறன்" என்று ஒருதரமாவது கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. வீட்டில் படுத்திருக்கும் தாயையோ தகப்பனையோ பார்க்கிற பெண்கள் எல்லாரும் கொஞ்ச வருடத்தில் "எனக்கு வெளியில போக விருப்பமில்லை" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். விருப்பம் என்று ஒன்று இருந்தால் அம்மாவை யாரிடம் விடுவது என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் இல்லை, அதனால் விருப்பத்தையே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்து, கரையில் நின்றால் கண்ணுக்கு முன்னால் தெரிகிற புறாமலையில் ஒருதரம் கால் வைக்காத பெண்களை எனக்குத் தெரியும். லண்டனிலிருந்து வருகிற பிள்ளைகள் முதல் நாளே படகேறிப் போய்ப் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். உங்கள் அக்கா பார்த்திருக்கிறாரா? கேளுங்கள்.

மாதாமாதம் காசு அனுப்புகிறோம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இதை வாசிக்கும்போது மனதுக்குள் சொல்வீர்கள். அனுப்புங்கள், நல்லது, மருந்துக்கும் மின்சாரத்துக்கும் அது வேண்டும். ஆனால் தாயைப் பார்த்தல் என்பது கையால் செய்கிற வேலை. போர்க்காலத்திலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறிய அன்றைக்கும், தூரத்தில் இருந்தவர்கள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அந்த வீட்டில் அம்மாவோடு இருந்தது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த நாலு பேர் போன பிறகு ஒருவர் நின்றால், நின்றவர் வேலைக்காரி ஆவதில்லை. அந்த வீட்டுக்கு இப்போது தலைமை அவர்தான். அம்மாவின் 80ஆவது பிறந்தநாளில் அம்மாவுக்கு அடுத்த கதிரை அவருடையது. பெரியண்ணாவுக்கு அதற்கு அடுத்ததுதான். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஹோட்டலா வீடா என்றால் உப்புவெளியில் வீடு. சின்னண்ணா செலவை நினைத்துச் சொன்னார், நான் அம்மாவின் இரவை நினைத்துச் சொல்கிறேன். உப்புவெளி நகரத்துக்குக் கிட்ட, ஏதும் ஒன்று என்றால் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகலாம், அம்மாவுக்குத் தன் கட்டிலில் படுக்க வேண்டும் போலிருந்தால் உவர்மலைக்கு ஒரு நடை கூட்டிப்போய் வரலாம். கீழ்த்தளத்தில் அறை, குளியலறை அறையோடு சேர்ந்து, வாசலில் படி இல்லாமல், குளியலறையில் கைபிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், முன்பணம் கட்டும் முன் தெரிந்தவர் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். ஓகஸ்டில் கிழக்குக் கரை முழுக்க ஆட்கள் நிறைந்திருப்பார்கள், இப்போதே பிடியுங்கள். கடலுக்கு நல்ல காலம்தான், வாடைக்காற்று தொடங்க இன்னும் நாள் இருக்கும். ஆனால் வெயில் கடுமை, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றும் அடிக்கும், அம்மாவைக் காலையிலும் பொழுதுபடவும் மட்டும் கரைக்குக் கொண்டுபோங்கள்.

வீடு எடுப்பதில் ஒரு பயம் எனக்கு. வீட்டில் குசினி இருக்கும், குசினி இருந்தால் உங்கள் அக்கா அதற்குள் போய்விடுவார், நீங்கள் எல்லாரும் "அக்காவின்ர கைச்சமையல்" என்று புகழ்ந்து அவரை அங்கேயே விட்டுவிடுவீர்கள். ஆகவே சமையலுக்குக் காசு கொடுத்து ஆள் பிடியுங்கள். அந்தப் பக்கத்தில் இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும் நன்றாகச் சமைக்கிறவர்கள் கிடைப்பார்கள். அக்கா குசினி வாசலுக்கு வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் இருத்துங்கள்.

செலவுக்கு நீண்ட கதை தேவையில்லை. டொலரும் பிராங்கும் பவுணும் உழைக்கிற மூன்று பேரும் மூன்று பங்கு. தம்பி ரூபாயில் உழைக்கிறான், அவன் கொழும்பிலிருந்து வானை ஒழுங்கு செய்து உங்களை ஏற்றி வரட்டும். அக்காவிடம் ஒரு சதம் கேட்கக் கூடாது.

அறைகள் எட்டு இல்லை, ஒன்பது. ஒன்பதாவது அக்காவுக்கு, தனியாக, காற்று வருகிற பக்கம். அம்மாவோடு ஒரே அறையில் போட்டுவிட்டு அக்காவையும் கூட்டிவந்தோம் என்று சொல்லாதீர்கள், அது உவர்மலையில் செய்கிற வேலையைக் கடற்கரைக்கு இடம் மாற்றியதாகத்தான் இருக்கும். நாலு இரவு இருக்கிறது, நீங்கள் நாலு பேர். ஒரு இரவுக்கு ஒருவர் அம்மாவின் அறையில் படுக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் எப்படி என்று கேட்காதீர்கள். தாயைக் கைபிடித்து எழுப்பி, குளியலறை வாசல்வரை கொண்டுபோய்விட மகனுக்கு முடியும், உள்ளே உதவி தேவையென்றால் மனைவியையோ உங்களையோ எழுப்பட்டும். இதற்காக நீங்கள் இரண்டு நாள் முந்தி வந்து உவர்மலை வீட்டில் தங்கி, அக்கா என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பழகி, ஒரு கொப்பியில் எழுதி, அண்ணாக்களுக்கும் தம்பிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அண்ணாக்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை என்று சொன்னீர்களே, முதல் இரவு ஒருவர், இரண்டாம் இரவு மற்றவர். காலையில் அம்மா எப்படிப் படுத்தார் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், கதை அங்கே தொடங்கும்.

சுற்றிப் பார்க்கும் இடங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறையில் பிள்ளைகள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிலாவெளியிலிருந்து காலையிலேயே படகேறுங்கள், அந்தப் படகில் அக்கா இருக்க வேண்டும். கோணேசர் கோயில் பிறட்றிக் கோட்டைக்குள்ளால் மேலே ஏறிப் போகும் வழி, பிள்ளைகள் மான்களைப் பார்த்துக்கொண்டு நடக்கட்டும், அம்மா வாகனத்தில் போகட்டும், வெயிலுக்கு முன் தரிசனம் முடியட்டும். கன்னியாவைச் சுடுதண்ணீர் குளிக்கிற இடமாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, சின்னச் சின்னக் கிணறுகள், வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்ய உண்டான ஊற்று என்றுதான் நம் ஆட்கள் சொல்லி வருகிறார்கள், இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றைக்கும் அங்கே போகிறார்கள். அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பெரியண்ணா சொல்லட்டும்.

இன்றைக்கே அக்காவுக்குத் தொலைபேசி எடுங்கள். இலங்கை நேரம் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு, அம்மா கண்ணயரும் நேரம். முதல்தரம் கேட்டால் "எனக்கென்னத்துக்கு, நீங்கள் போங்கோ" என்பார். இரண்டாம் தரம் கேட்டால் வீட்டை ஆர் பார்க்கிறது, பூக்கண்டுக்கு ஆர் தண்ணி விடுகிறது என்பார். மூன்றாம் தரமும் கேளுங்கள். அப்போதுதான் "அம்மாவை ஆர் பார்க்கிறது?" என்று வரும். அந்த இடத்தில் அவசரப்படாமல், எழுதி வைத்த பட்டியலை எடுத்து வாசியுங்கள்: முதல் இரவு பெரியண்ணா, இரண்டாவது சின்னண்ணா, மூன்றாவது நான், நாலாவது தம்பி.