பன்றிக்கறிக்கா அடித்துக்கொண்டார்கள்?

கேள்வி: அயர்லாந்தின் பழைய வீரக்கதைகள் சிலவற்றைப் படித்தேன். எங்கு பார்த்தாலும் விருந்து, கறித்துண்டுக்காக வெட்டுக்குத்து. இந்தச் சாப்பாட்டு ராமன்களையா வீரர்கள் என்று கொண்டாடுகிறார்கள்?
– வாசகர், கரூர்

பதில்: கறிக்காகச் சண்டை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பந்தியில் சண்டை வருவது சோறு பற்றாததாலா? முதல் இலை யாருக்கு என்பதால்தானே! கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ், அயர்லாந்துக்காரர்களின் உறவினமான கெல்டியரைப் பற்றி இதைச் சொல்லிவிட்டார்: முன்பெல்லாம் தொடைக்கறி தலைசிறந்த வீரனுக்கு, இன்னொருவன் உரிமை கேட்டால் இருவரில் ஒருவன் சாகும்வரை மோதல்.

‘மாக் டா தோவின் பன்றி’ கதையையே எடுங்கள். லென்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் மூன்றும் பழைய அயர்லாந்தின் நாடுகள். லென்ஸ்டர் அரசன் மாக் டா தோவிடம் ஒரு வேட்டைநாய். அல்ஸ்டரும் கேட்கிறது, கொனாக்டும் கேட்கிறது. மனைவி சொன்ன யோசனைப்படி, இரண்டு பேருக்கும் தருவதாகச் சொல்லி ஒரே நாளில் விருந்துக்கு அழைக்கிறான். ஏழு வருஷம் 60 பசுக்களின் பால் குடித்து வளர்ந்த பன்றி நடுவில் கிடக்கிறது. அதைப் பங்கிடுவது தலைசிறந்த வீரனின் உரிமை. கொனாக்ட் வீரன் கெட் கத்தியோடு பன்றி அருகே உட்கார்ந்து, “என்னோடு போட்டிபோட எவன் இருக்கிறான்?” என்கிறான். அல்ஸ்டர்காரன் ஒவ்வொருவனாக எழுந்திருக்கிறான். கெட் கத்தியைத் தூக்கவே இல்லை, வாயாலேயே உட்கார வைக்கிறான். உன் அப்பன் கையை வெட்டியது நான்தான். உன் கண்ணைப் பறித்தது நான்தான். நீ திக்கித் திக்கிப் பேசுவதே தொண்டையில் என் ஈட்டி பாய்ந்ததால்தான்.

அப்போது நுழைகிறான் அல்ஸ்டரின் கோனல் கெர்னாக். கெட்டுக்கே ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை. “சரி, நீ என்னைவிடப் பெரியவன்தான். ஆனால் என் அண்ணன் தம்பிகளில் அன்லுவன் இங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.” “இருக்கிறானே!” என்கிறான் கோனல். இடுப்பில் தொங்கிய அன்லுவனின் தலையை உருவி கெட்டின் நெஞ்சில் எறிகிறான். எறிந்த வேகத்தில் கெட்டின் வாயிலிருந்து ரத்தம் பீறிடுகிறது. இதைவிடச் சுருக்கமான பதிலை நான் இந்தப் பக்கத்தில் ஒருநாளும் எழுதியதில்லை.

அப்புறம் பன்றியின் வயிற்றுப் பகுதி முழுவதையும் கோனலே தின்று தீர்க்கிறான். கொனாக்டுக்கு மிஞ்சுவது முன்னங்கால் இரண்டு. ‘போதாது’ என்று அவர்கள் எழ, மண்டபம் ரத்தக்களறி.

இதைச் சொன்னவன் வீரர்களை வெறுமனே துதி பாடினான் என்று யார் சொன்னது? ‘ப்ரிக்ரியுவின் விருந்து’ கதையில் அல்ஸ்டரின் மூன்று வீரர்களையும் ‘வீரனின் பங்கு உனக்கே’ என்று தனித்தனியே ஏற்றிவிட்டு, அவர்கள் மனைவிமாரையும் ஏற்றிவிடுகிறான் விஷநாக்குக்காரன் ப்ரிக்ரியு: முதலில் மண்டபத்துக்குள் நுழைபவளே அல்ஸ்டரின் முதல் பெண்மணி என்று. நிதானமாக நடக்கத் தொடங்கியவர்கள், வீடு நெருங்க நெருங்க உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கதவு அடைபட, தன் மனைவி ஏமர் உள்ளே வர, அந்த மூவரில் ஒருவனான கூகுலின் வீட்டின் ஒரு பக்கத்தையே தூக்குகிறான். வீடு சாய்ந்து ப்ரிக்ரியு குப்பைமேட்டில், நாய்களுக்கு நடுவே விழுகிறான். இதில் கேலி தெரியவில்லையா? இந்தக் கதை உள்ள பழைய ஏட்டைப் படியெடுத்தவர்களில் ஒருவர் மேல் முரெ. 1106ல் க்ளொன்மக்நாய்ஸ் என்ற கிறிஸ்தவ மடத்தில் கொள்ளையர் கையில் இறந்தவர். மடத்தில் எழுதிய கைகள் இவை.

பன்றிக் கதையின் கடைசியையும் படியுங்கள். நாயை அவிழ்த்துவிட, அது அல்ஸ்டர் பக்கம் சேர்ந்து, தப்பி ஓடும் கொனாக்ட் அரசனின் தேரைத் துரத்துகிறது. தேரோட்டி ஃபெர் லோகா அதன் தலையை வெட்டிவிடுகிறான். பிறகு புதரில் பதுங்கியிருந்து அல்ஸ்டர் அரசன் கொன்ஹோவரின் தேரில் பின்புறமாகத் தாவி, அவன் கழுத்தைப் பிடிக்கிறான். அரசனின் உயிருக்கு ஈடாக ஃபெர் லோகா கேட்டது பொன்னுமில்லை, நாடுமில்லை. தன்னை அல்ஸ்டர் தலைநகர் எவைனுக்கு அழைத்துப்போக வேண்டும். அங்கே கன்னிப்பெண்கள் தினமும் மாலையில் தன்னைச் சுற்றி நின்று “ஃபெர் லோகா, என் கண்ணே” என்று பாட வேண்டும். அரசன் சம்மதித்துவிட்டான்.